பத்துப் பேர் நின்ற படமும் அப்பாவின் சந்தேகமும்

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலரை அவர் என்றாவது ஒரு நாள் சந்தேகப்பட்டிருப்பார். அதற்கு அவர் சார்பில் முதலிலேயே பொறுத்தருளக் கேட்டுக்கொண்டு, மூத்த மகளாகிய நான் இதை எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது சேத்தூரில். பத்து வயதில் தகப்பனாரை இழந்தார். படிப்பைப் பாதியில் விடாமல், கிணற்றுப் பாசன நிலத்தையும் பார்த்து, தம்பியான எங்கள் சித்தப்பாவையும் படிக்க வைத்தார். காவல்துறையில் சேர்ந்த பிறகு, கையெழுத்து நன்றாக இருந்ததால் ஸ்டேஷன் ரைட்டர் ஆனார். வாக்குமூலங்களை எழுதி எழுதி, யார் எது சொன்னாலும் "அத யாரு பாத்தா?" என்று கேட்கும் பழக்கம் அவருக்கு ஒட்டிக்கொண்டது. லஞ்சம் வாங்காதவர் என்று பெயர் எடுத்தார். பால்காரர் முதல் பந்தல்காரர் வரை யாரையும் நம்பாதவர் என்றும் பெயர் எடுத்தார். எனக்கு நார்வே மாப்பிள்ளை அமைந்தபோது, "இங்க இல்லாத வேலையா? அவ்வளவு குளிர்ல போயி என்னத்தப் பண்ணுதான்?" என்று மூன்று மாதம் விசாரித்த பிறகே சம்மதித்தார்.

அவர் பணியில் இருந்தபோது அவர் மீது புகார் சொல்லி மேலதிகாரிக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போனது. விசாரணையில் அப்பா மீது குற்றம் எதுவும் நிற்கவில்லை. ஆனாலும் பதவி உயர்வு தள்ளிப்போய், தூரத்து ஊருக்கு மாற்றலும் வந்தது. அதற்கு முந்தைய மாதம்தான் சேத்தூர் நிலத்தைப் பிரிப்பதில் அண்ணன் தம்பிக்குள் வாக்குவாதம் நடந்திருந்தது. கடுதாசியில் இருந்த 'ழ' தம்பி எழுதுவதைப் போலவே வால் சுழித்திருந்தது என்று அப்பா முடிவு கட்டினார். அன்றோடு பேச்சு நின்றது. சித்தப்பா ராஜபாளையத்தில் நூற்பாலையில் ஃபிட்டராக இருந்தார். அப்பா மாற்றலில் போனாலும் நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலேயே இருந்தோம். அரை மணி நேர பஸ் பயணம். இருபத்திரண்டு வருடம் அந்த பஸ்ஸில் அப்பா ஏறவில்லை. அம்மா மட்டும் கோயிலுக்குப் போவதாகச் சொல்லி, அங்கே சித்தியைப் பார்த்துவிட்டு வருவார்.

நார்வேயில் நாங்கள் வசிக்கும் ஊரின் நூலகத்தில் வேலை பார்க்கிறேன். அந்த ஊர்க் கால்பந்துக் கழகம் தன் வரலாற்றைப் புத்தகமாகக் கொண்டுவர முடிவு செய்து, பழைய படங்களையும் குறிப்புகளையும் திரட்டித் தரும்படி என்னைக் கேட்டது. விடுமுறையில் ஊருக்கு வந்தபோது அந்த வேலையையும் மடிக்கணினியில் எடுத்து வந்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, படிக்கச் சொல்லிக் கேட்டார்.

மரம் அறுக்கும் ஆலைத் தொழிலாளர்கள் தொடங்கிய கழகம் அது. வேலை முடிந்த மாலைகளில் பாறையைப் பெயர்த்து மைதானம் ஆக்கினார்கள். பிறகு யுத்தம் வந்தது. ஜெர்மானியர்கள் நாட்டைப் பிடித்து, விளையாட்டுச் சங்கங்களையும் தங்கள் ஆட்களிடம் கொடுத்தார்கள். அந்தச் சங்கங்களுக்கு ஆட மாட்டோம் என்று வீரர்கள் மறுத்துவிட்டார்கள். காட்டுக்குள் வெட்டவெளி பார்த்து, யாருக்கும் தெரியாமல் தங்களுக்குள் ஆடினார்கள். ஒரு நாள் அந்த ஆட்டத்தைப் போலீஸ் சுற்றி வளைத்து ஆறு பேரைப் பிடித்துப் போனது. ஒருவர் திரும்பவே இல்லை.

"யாரு துப்பு குடுத்தது?" என்றார் அப்பா.

"அது இதுல எழுதலப்பா."

"எழுதாம இருக்கான்னா அவனுவளுக்குத் தெரிஞ்சிருக்கு. படத்தக் காட்டு."

யுத்தத்துக்கு முன்பு எடுத்த அணியின் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"பத்துப் பேருதான் நிக்கான். கோல் கீப்பர் எங்க? இந்தா, ஓரத்துல நிக்கானே, இவன் தோள்மேல நாலு விரலு இருக்கு பாரு. அது யாரு கை? படத்த வெட்டியிருக்கானுவ."

அதே படத்தை நான் ஆறு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த விரல்கள் என் கண்ணில் பட்டதே இல்லை.

கழகச் செயலாளருக்கு எழுதினேன். பழைய விஷயம், கிளற வேண்டாம் என்று பதில் வந்தது. அப்பாவின் சந்தேகத்துக்கு அதுவே போதுமானதாக இருந்தது. தினமும் காலையில் "பதில் வந்துச்சா?" என்பார். நான் மறுபடி மறுபடி எழுதியதில் உண்மை வந்தது. பிடிபட்ட நாளன்று கோல் கீப்பர் மட்டும் ஆட வரவில்லை. அவர்தான் காட்டிக்கொடுத்தார் என்று ஊர் முடிவு செய்தது. யுத்தம் முடிந்ததும் அவரைப் படத்திலிருந்து வெட்டினார்கள். சாகும்வரை அதே ஊரில் இருந்தும், அவர் மைதானத்துக்குள் கால் வைக்கவில்லை. அவருடைய மகள் முதியோர் இல்லத்தில் இருந்தார். அவரோடு தொலைபேசியில் பேசினேன். அன்று தன் அப்பாவுக்கு மணிக்கட்டு வீங்கியிருந்ததாக அவர் சொன்னார்.

"அதுக்கு யாரு சாட்சி?" என்றார் அப்பா, சந்தேகம் குறையாமல்.

"யாரும் இல்லப்பா."

"சரி, கழகத்துக்காரனுவ அவன விசாரிச்சிருப்பானுவல்லா. அந்த ஸ்டேட்மெண்ட்டு எங்க?"

"விசாரிக்கவே இல்லயாம்பா. நீதான் செஞ்சியான்னு கடைசி வரைக்கும் ஒருத்தரும் கேக்கலன்னு அந்தம்மா சொல்லுதாங்க."

அப்பா எழுந்து போய் முகம் கழுவினார். மறுநாள் காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, "ராஜபாளையம் வாரியா?" என்று என்னைக் கேட்டார்.

சித்தப்பா வாசலில் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் பம்பைப் பிடித்தபடியே நின்றுவிட்டார். அப்பா வீட்டுப் படி ஏறவில்லை.

"அந்த மொட்டைக் கடுதாசிய நீதான் எழுதுனியா?"

"இதக் கேக்க இம்புட்டு வருசமாண்ணே?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"நான் எழுதல."

"பொறவு யாரு?"

"எனக்கு எப்படித் தெரியும்? போலீஸ்காரரு நீங்களா, நானா?"

உள்ளேயிருந்து சித்தியின் குரல் கேட்டது. "எம்மக கல்யாணத்துக்கு வராதவிய, இப்ப விசாரணைக்கு வந்திருக்காவளாக்கும்." அவர் வெளியே வரவில்லை. நாங்கள் காப்பி குடிக்காமலே திரும்பினோம். பஸ்ஸில், "நம்புதீங்களாப்பா?" என்று கேட்டேன். "தெரியல. கேட்டுட்டேன்" என்றார்.

அதன்பிறகு ஞாயிறுதோறும் போனார். போய்ச் சும்மா இருக்கவில்லை. கடைக்குச் சீட்டு எழுதித் தரச் சொல்லி, வாழைப்பழம், கிழங்கு, புழுங்கலரிசி என்று வரிசையாகச் சொன்னாராம். சித்தப்பா பாதியில் நிமிர்ந்து பார்த்துவிட்டு, தாளைத் திருப்பி, பின்பக்கம் முழுவதும் 'ழ' எழுதி நீட்டியிருக்கிறார். "நல்லாப் பாத்துக்கிடுங்கண்ணே." அப்பா அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். என்ன முடிவுக்கு வந்தார் என்று எங்களுக்குச் சொல்லவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு, வாசலில் நின்று "தம்பி" என்று கூப்பிட்டதாகச் சித்தப்பா சொன்னார்.

கழகத்தின் புத்தகமும் வந்தது. பெரியவர்கள் சிலர் கடைசிவரை எதிர்த்தார்கள். ஆனாலும் கோல் கீப்பரின் மகளிடம் இருந்த முழுப் படத்தை, பதினோரு பேரோடு அச்சிட்டார்கள். அவரைக் கழகம் ஒருநாளும் விசாரிக்கவில்லை என்ற வரியும் அதன் கீழே இருக்கிறது. அந்த அம்மாளைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து மைதானத்துக்கு நானே தள்ளிப் போனேன். அதைப் போனில் சொன்னபோது, "சரி, அப்ப யாருதான் துப்பு குடுத்தது?" என்றார் அப்பா.

கடைசி மாதங்களில் இருதயம் பலவீனப்பட்டது. மருத்துவமனையில் ஒவ்வொரு மாத்திரைக்கும் டாக்டரிடம் காரணம் கேட்டார். சித்தப்பா கையால் கொடுத்தால் மட்டும் எதுவும் கேட்காமல் விழுங்கினார். ஒரு மதிய வேளையில், தம்பி பக்கத்தில் இருக்க, அமைதியாக எங்களைப் பிரிந்தார்.

அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், இறுதி யாத்திரையில் தோள் கொடுத்த காவல்துறை நண்பர்களுக்கும், மடவார் வளாகத்து அண்டை வீட்டாருக்கும், சேத்தூர் உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பதினாறு நாளும் எங்கள் வீட்டு அடுப்படியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்ட சித்திக்கு நன்றி என்ற சொல் போதாது.

சித்தியின் மகளான என் தங்கையிடம் ஒன்று சொல்ல வேண்டும். உன் கல்யாணத்துக்கு அப்பா வராததை எல்லோரும் பேசினார்கள். நானும் வரவில்லை. அப்போது நான் ஊரில்தான் இருந்தேன். போகக் கூடாது என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. அந்தக் கடுதாசியைச் சித்தப்பா எழுதியிருப்பார் என்று நானும் நம்பினேன். என்னை மன்னித்துக்கொள்.