செல்லுக்குள் பார்த்தவள்

நாகர்கோவில் மருத்துவமனையில் என் கணவரைச் சேர்த்திருந்தபோது, அடுத்த கட்டிலில் அஞ்சுகிராமத்து அம்மா ஒருவர் இருந்தார். நுரையீரலில் புற்றுநோய். துணைக்கு இருந்த மகள் ஒல்லியானவள். வெளியூரில் ஏதோ ஆய்வுக்கூடத்தில் வேலை. சும்மா இருக்கும்போதெல்லாம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே இருப்பாள்.

"எனக்க மக இந்த நோயைப் பத்தித்தான் படிக்கா. மருந்து கண்டுபிடிச்சிருவா," என்று அந்த அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். மகள் மறுத்துப் பேசமாட்டாள்.

ஒருநாள் வெந்நீர் பிடிக்கப் போன இடத்தில் அவளிடம் கேட்டேன். "அம்மை சொல்லது நெசமா மக்கா?"

"இல்லக்கா. செல்லுக்குள்ள சேதி கொண்டுபோற புரதம் ஒண்ணு உண்டு. வளரச் சொல்லி வெளிய இருந்து சேதி வந்தாத்தான் அது நடுவுல உள்ள உட்கருவுக்குப் போணும். இந்த நோயில யாரும் சொல்லாமலே போய்ட்டே இருக்கு. செல்லும் பெருகிட்டே இருக்கு. அது போறத மைக்ராஸ்கோப்பில எத்தனையோ தடவ பாத்திருக்கேன். மறிக்கத் தெரியல."

"மாத்திரை குடுக்காவளே?"

"கொஞ்ச நாள் மறிச்சுது. இப்ப வேற வழியா போவுது."

அடுத்த வாரம் அந்த அம்மாவின் ஸ்கேன் முடிவு வந்தது. அவள் படிப்பை அறியாத இளம் டாக்டர், தாளில் ஒரு வட்டம் போட்டு, இதுதான் செல் என்று தொடங்கினார். அவள் குறுக்கே பேசாமல் தலையாட்டிக் கேட்டாள். கடைசியில், "வேற ஒண்ணுமே செய்ய முடியாதா டாக்டர்?" என்றாள்.

அவரைவிட அவளுக்கே அது நன்றாகத் தெரியும். ஆனாலும் அவர் பதில் சொல்லும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.