மூஸா வீட்டில் தினமும் செத்தவன்

அதிராம்பட்டினத்தில் மூஸா வீட்டு முன்னறையில் தினமும் அந்தி மஃரிப் தொழுகைக்குப் பிறகு ஓர் ஆளை அடித்துக் கொல்கிறார்கள் என்ற செய்தி அதிராம்பட்டினத்தில் யாருக்கும் தெரியாது. துபாயில்தான் அது பரவியிருந்தது. 1997-இல், தேரா பகுதியில் அறைக்கு எட்டுப் பேர் என்று படுத்துக்கிடந்த ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் அதற்குச் சாட்சி. ஒருவர் மகளின் காய்ச்சலைப் பற்றி மனைவியிடம் போனில் விசாரித்துக்கொண்டிருந்தபோது, பின்னால் ஒருவன் மூன்று முறை அலறி ஓய்ந்ததைத் தன் காதால் கேட்டார். "யாரு புள்ள அது?" என்றால், "அது கெடக்குது, நீங்க பணம் அனுப்பியாச்சா?" என்றாளாம் மனைவி. பக்கத்தில் ஒருவன் சாகும்போது பணத்தைப் பற்றிக் கேட்கிற அளவுக்கு ஊர் கெட்டுவிட்டதே என்று அவருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

கொல்கிறவர் மூஸா, சாகிறவர் அவருடைய சகலை சேக் தாவூது என்று ஷார்ஜாவில் தீர்மானித்தார்கள். ஒரே ஆள் எப்படித் தினமும் சாவார் என்று கேட்ட ஒருவரை, குறுக்குக்கேள்வி கேட்கிறவர் என்று ஒதுக்கி வைத்தார்கள்.

விசாரித்துப் பார்த்ததில், கொலை எதுவும் நடக்கவில்லை. நடந்தால் தேவலை என்ற எண்ணம் மட்டும் இரண்டு பக்கமும் இருந்தது.

அந்த ஊரில் வீடு பெண்ணுக்கு. கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் துணிமணியோடு பெண் வீட்டுக்குக் குடிவருவார். மீரா உசேன் ஷார்ஜாவில் உழைத்த காசில் தன் இரண்டு அக்காமார்களுக்கும் சேர்த்து ஒரே வீடாகக் கட்டிக்கொடுத்தார். மூத்தவள் நஃபீசாவுக்கு மூஸா. இளையவள் ஹலீமாவுக்குச் சேக் தாவூது. அடுப்படியைப் பிரித்தார்கள், கிணற்றடியைப் பிரித்தார்கள், துணி காயப்போடும் கம்பியைக்கூடப் பிரித்தார்கள். தெருவைப் பார்த்த முன்னறையை மட்டும் பொது என்று விட்டுவிட்டார்கள். வினை அங்கேதான் குடியேறியது.

மூஸா ரியாத்தில் பதினான்கு வருடம் ஒரு கிடங்கில் அட்டைப்பெட்டி எண்ணியவர். அவரைவிடக் குறைந்த சம்பளத்துக்கு எண்ணும் ஆட்கள் வந்து இறங்கியதும் கம்பெனி அவரை அனுப்பிவைத்தது. திரும்பும் வழியில் மெட்ராஸில் ஒரு கடையில் வீடியோ கேம் பெட்டியைப் பார்த்தார். ஆள் உயர மரப்பெட்டி, அதன் நெஞ்சில் ஒரு டிவி, கீழே இரண்டு கைப்பிடி, சுற்றிலும் முண்டியடிக்கும் கூட்டம். இது சோறு கேட்காது, லீவு கேட்காது, பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியதில்லை என்று அவருக்குப் பட்டது. கையிலிருந்த செட்டில்மெண்ட் பணத்தில் பழைய பெட்டி ஒன்றை வாங்கி லாரியில் ஏற்றினார்.

பெட்டிக்குள் இருந்தவர்கள் சண்டைக்காரர்கள். எந்தத் தேசத்து ஆட்கள் என்று அவர்களுக்கே தெரியாது. ஊர் அவர்களுக்குப் பெயர் வைத்தது. கழுத்தில் நாடா தொங்கியவன் டைலர். வயிற்றை முன்னே அனுப்பிவிட்டுப் பின்னால் வருகிறவன் தொப்பை. மீன் சந்தையில் சண்டை நடக்கும். பின்னால் ஒருத்தி ஒரே மீனைத் தூக்குவாள், இறக்குவாள், தூக்குவாள். கண்ணெதிரே இரண்டு பேர் மண்டையை உடைத்துக்கொள்வதில் அவளுக்கு எந்த அக்கறையும் இல்லை. இன்னொரு இடம் இந்தியாவாம். தென்னை மரம், அதன் பின்னால் பனிமலை, மலையடியில் ஒட்டகம். "இதுக்குப் பட்டுக்கோட்டையில எந்த பஸ் ஏறணும்?" என்று கேட்காதவர் கிடையாது.

டைலர் ஜெயித்தால் வானத்தைப் பார்த்துச் சிரிப்பான். வாயை மூடிய பிறகுதான் சிரிப்புச் சத்தம் வரும். தொப்பை அடிபட்டால் உடனே விழமாட்டான். மூன்று முறை அலறுவான், பிறகு பாய் விரித்துப் படுப்பவனைப்போல நிதானமாகச் சாய்வான். அடுத்த ஆட்டத்துக்கு எழுந்து வந்து, தன்னைக் கொன்றவனுக்கே குனிந்து சலாம் வைப்பான். இரண்டு பேருக்கும் மனதில் ஒன்றும் இருக்காது. அந்த முன்னறையில் அந்தக் குணம் பெட்டிக்குள் இருந்தவர்களுக்கு மட்டுமே வாய்த்திருந்தது.

ஏனென்றால் மலேசியாவிலிருந்து திரும்பிய சேக் தாவூது, தஞ்சாவூருக்கு ஏழு தடவை நடந்து டெலிபோன் பூத்துக்கு அனுமதி வாங்கி, அதே முன்னறையின் மறுபாதியில் கண்ணாடிக் கூண்டு போட்டார். நடுவே ஒரு பிளைவுட் தட்டி. வளைகுடாவிலிருந்து போன் வரும் நேரத்துக்குப் பெண்கள் வந்து அவர் பக்கம் காத்திருப்பார்கள். தட்டிக்கு இந்தப் பக்கம் தொப்பை செத்துக்கொண்டிருப்பான். பெட்டியின் சத்தத்தைக் குறைக்கும் திருகு லாரியில் வரும்போதே முறிந்துவிட்டது. முறியாமல் இருந்திருந்தாலும் மூஸா அதைத் தொட்டிருக்கமாட்டார்.

சகலைகள் பேசிக்கொள்வதில்லை. ஒருவர் கையால் மற்றவர் எதையும் வாங்குவதுமில்லை. சொல்ல வேண்டியதைத் தட்டியிடம் சொல்வார்கள்.

"அந்த எளவு பொட்டிய நிறுத்தச் சொல்லு. துபாய்லேருந்து லைன் வந்திருக்கு."

"துபாய்க்காரனுக்குக் காது கேக்குதுல்ல? அப்பொறம் என்னவாம்?"

"பொம்பளைங்க உக்கார்ற எடத்துல தெருப் பொறுக்கியெல்லாம் கூட்டி வச்சிருக்கிற கேவலம் வேற எந்த வீட்டுலயும் கெடையாது."

"ஊரான் பொண்டாட்டி புருசன்கிட்டப் பேசுறத ஒட்டுக்கேட்டுப் பொழைக்கிறதவிட இது ஒசத்திதான்னு சொல்லு."

தட்டி யாரிடமும் எதையும் சொல்லவில்லை.

வதந்தி முற்றியதும் ஷார்ஜாவிலிருந்து மீரா உசேனே போன் போட்டார். தாவூதின் பூத்துக்குத்தான் போட வேண்டும், வேறு வழியில்லை.

"மச்சான், நீங்க உசுரோடதான் இருக்கீங்களா?"

"இருக்கேன். ஏன்?"

"இங்க உங்களுக்காக யாசீன் ஓத ஏற்பாடு நடக்குது. மூஸா மச்சான் இருக்காஹளா, ஜெயிலுக்குப் போய்ட்டாஹளா?"

விஷயம் விளங்கியதும் மீரா உசேன் சிரிக்கவில்லை. இந்த வீட்டுக்குச் செங்கல் வாங்கிய காலத்தில் அவர் ஒருவேளைதான் சாப்பிட்டிருக்கிறார். "வர்ற வெள்ளிய விட்டு அடுத்த ஜும்ஆவுக்குள்ள ஒருத்தர் முன்னறையக் காலி பண்ணணும். யாருங்கிறத நீங்களே பேசி முடிச்சுக்கங்க" என்று வைத்துவிட்டார்.

பேசி முடிக்கச் சொன்னதுதான் சிக்கல். பேச்சே கிடையாதே. மூஸாவுக்கு அந்த அறையை விட்டால் வேறு போக்கில்லை. பதினான்கு வருட ரியாத், மரப்பெட்டியாக அங்கே நின்றுகொண்டிருந்தது. அதைத் தெருவில் இறக்கினால் நாளைக்கு மாமியார் ஊட்டுச் சோறு தின்கிற ஆள் என்று பெயராகும். ஆறு நாள் இரண்டு பேரும் தட்டியைப் பார்த்து உறுமிக்கொண்டிருந்தார்கள். ஏழாம் நாள் ஹலீமாவுக்குப் பொறுக்கவில்லை.

"அறை உங்க ரெண்டு பேருக்கும் இல்ல, எனக்கும் நஃபீசா ராத்தாவுக்கும். வேணும்னா அந்தப் பொட்டியிலேயே அடிச்சுக்கிட்டுச் சாவுங்க. தோத்தவங்க வெளிய போங்க."

அவள் சொன்னது வசவு. இரண்டு ஆண்களும் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டார்கள். வியாழக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு, ஒரே ஆட்டம் என்று முடிவானது.

இதில் மூஸாவின் ரகசியம் ஒன்று உண்டு. இரண்டு வருடமாகக் கடை நடத்துகிறவருக்கு ஆட்டம் தெரியாது. நாற்பத்தைந்து வயதில் பொம்மையை ஆட்டுவதா என்று தொட்டதே இல்லை. இப்போது மூன்று நாள் காலையில் ஷட்டரை இறக்கிவிட்டு ரகசியமாகப் பழகினார். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் டைலர் குதித்தான். குதித்த இடத்திலேயே உதை வாங்கினான். மூன்று நாளில் மூஸா ஒரே ஒரு முறை தொப்பையைத் தொட்டார். அதுவும் தொப்பை தானாக வந்து இடித்தது.

வியாழக்கிழமை விளையாட வந்த பயல்களை வெளியே தள்ளி ஷட்டரை இறக்கினார்கள். உள்வாசலில் நஃபீசாவும் ஹலீமாவும் நின்றார்கள். மூஸா இடப்பக்கம், தாவூது வலப்பக்கம். தோள் உரசக்கூடாதென்று இருவரும் வெளிப்பக்கமாகச் சாய்ந்து நின்றார்கள்.

"டோக்கன் யாரு போடுறது?" என்றாள் நஃபீசா.

"கடைக்காரரு போடட்டும்" என்றார் தாவூது, சுவரைப் பார்த்து.

"வம்புக்கு வந்தவங்கதான் போடணும். கடை வழக்கம் அது" என்றார் மூஸா, கூரையைப் பார்த்து.

மூஸாவின் டப்பாவிலிருந்து ஒரு பித்தளை டோக்கனை ஹலீமா எடுத்தாள். தாவூது ஓசியில் வாங்குகிறவர் இல்லை. டப்பாவில் ஒரு ரூபாயைப் போட்டுவிட்டுத்தான் அதைக் கையில் வாங்கினார். வாங்கியவர், டீக்கடைக் கல்லாவில் காசு வைப்பதைப்போல அதைப் பெட்டியின் தலையில் டக்கென்று வைத்துவிட்டு இரண்டு கைகளையும் பொத்தான்கள்மேல் இறக்கினார். பெட்டியின் வயிற்றில் ஓர் ஓட்டை இருக்கிறது, அதில்தான் போட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. தட்டிக்கு இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பது கௌரவக் குறைச்சல் என்று இரண்டு வருடம் இருந்தவர்.

பெட்டிக்கு ஒரு பழக்கம் உண்டு. யாரும் டோக்கன் போடாவிட்டால் சற்று நேரம் சும்மா இருந்துவிட்டு, ஆசை காட்டுவதற்காகத் தானே ஒரு சண்டையைப் போட்டுக்கொள்ளும். அந்தச் சண்டையில் எப்போதும் டைலரும் தொப்பையும்தான். எப்போதும் இடப்பக்கத்து டைலர்தான் ஜெயிப்பான்.

அது இப்போது தொடங்கியது.

தாவூது வெறிபிடித்ததுபோல் பொத்தான்களைக் குத்தினார். தொப்பை ஓர் உதை விட்டதும், "பாத்தியா! நம்ம கையி!" என்று ஹலீமாவைத் திரும்பிப் பார்த்தார். மூஸாவும் கைப்பிடியைப் பிடித்து உலுக்கினார். மூன்று நாளில் வராத அடி இன்று மழையாகக் கொட்டுவதைக் கண்டு, அல்லாஹ் நம் பக்கம் என்றே முதலில் நினைத்தார். அப்புறம் கையை எடுத்து நெற்றி வியர்வையைத் துடைத்தார். டைலர் அப்போதும் அடித்துக்கொண்டிருந்தான்.

மூஸா மெதுவாக நிமிர்ந்து பார்த்தார். பெட்டியின் தலையில் டோக்கன் மினுங்கிக்கொண்டிருந்தது.

சொல்லியிருக்கலாம். 'இது ஆட்டமே இல்ல' என்று மூன்றே வார்த்தை. ஆனால் உண்மையான ஆட்டம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு குத்துகிற இந்தத் தாவூதிடமே தோற்றுப்போவோம் என்பது அவருக்குத் தெரியும். மூஸா கைப்பிடியை மறுபடியும் பிடித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, முன்பைவிட ஆவேசமாக உலுக்கினார்.

தொப்பை மூன்று முறை அலறிச் சாய்ந்தான். டைலர் வானத்தைப் பார்த்தான். வாயை மூடினான். பிறகு சிரித்தான்.

தாவூது மறுநாள் ஜும்ஆவுக்கு முன்பே கண்ணாடிக் கூண்டைக் கழற்றி வண்டியில் ஏற்றி, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வாடகைக்குப் போய்விட்டார். டோக்கனை மூஸா எடுத்து, மற்ற டோக்கன்களோடு சேர்க்காமல், மேசை இழுப்பறையின் மூலையில் போட்டார். ஏன் தனியாகப் போட்டார் என்று நஃபீசா கேட்கவில்லை. கேட்காததே அவருக்கு உறுத்தியது.

போன இடத்தில் தாவூது கொழித்தார். பூத் மூன்றானது, ஜெராக்ஸ் வந்தது, டிக்கெட் போட்டுக்கொடுக்கும் ஏஜென்சி வந்தது. மூஸாவின் கடையில் கூட்டம் கரைந்தது. விளையாடிய பயல்கள் வளர்ந்து, தாவூதிடமே டிக்கெட் எடுத்துத் துபாய்க்குப் போனார்கள். 2001-இல் பெட்டியின் கண் அவிந்தது. நஃபீசா அதன்மேல் ஒரு துணியை விரித்து அரிசி அளக்கும் படியை வைத்தாள்.

2003-இல் மீரா உசேன் மகள் கல்யாணம். சஹன் சாப்பாடு. நாலு பேருக்கு ஒரு தட்டு என்று பாயில் உட்கார வைப்பார்கள். பந்தி பரிமாறிய பையன்களுக்கு ஊர்ப்பகை தெரியாது. சோறு வைத்த பிறகு பார்த்தால், மூஸாவுக்கு நேர் எதிரே தாவூது. எழுந்தால் சோற்றுக்கு அவமரியாதை. இருவரும் குனிந்து சாப்பிட்டார்கள். தட்டின் நடுவே சோற்றில் ஒரு வரப்பு தானாக விழுந்தது. கறித்துண்டு ஒன்று வரப்பின்மேலேயே கிடந்தது. யாரும் தொடவில்லை.

தாவூது சோற்றைப் பார்த்தபடியே சொன்னார். "அன்னைக்கு நான் வச்ச டோக்கன் பொட்டி மேலயேதான் இருந்துச்சு."

மூஸாவுக்குக் கவளம் பாதியில் நின்றது. "எப்ப தெரியும்?"

"அன்னைக்கு ராத்திரியே. ஹலீமா பாத்திருக்கா."

"ஆறு வருசமா ஏன் சொல்லல?"

"சொல்லணும்னா உங்ககிட்டப் பேசணுமே."

மூஸா தண்ணீர் குடித்தார். "டோக்கன் பத்திரமாத்தான் இருக்கு. நாளைக்கே குடுத்து அனுப்புறேன்."

"டோக்கன் எனக்கு எதுக்கு? நாக்கு வழிக்கவா? நான் ஆட்டத்துக்குத்தான் காசு போட்டேன். ஆட்டத்தக் குடுங்க."

"அந்த அறை வேணுமா?"

"அறைய நீங்களே வச்சுக்கிட்டு அழுங்க. எனக்கு என் ஆட்டம் வேணும்."

மறுவாரம் மூஸா பட்டுக்கோட்டையிலிருந்து டிவி மெக்கானிக்கைக் கூட்டிவந்தார். நஃபீசா முனகிக்கொண்டே படியை இறக்கினாள். மெக்கானிக் பின்பலகையைத் திறந்து, தூசியில் நாலு தும்மல் தும்மிவிட்டுச் சொன்னார்: "பாய், உசுரு இருக்கு. ஆனா இந்த டியூப் இப்ப வர்றதில்ல. சத்தம் வரும், படம் வராது."

ஸ்விட்சைப் போட்டார். இருட்டுக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து தொப்பை மூன்று முறை அலறினான். தெருவில் போய்க்கொண்டிருந்த ஒரு ஸ்கூட்டர் நின்றது. தாவூது. இறங்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றி, டைலர் சிரித்து முடிக்கும்வரை கேட்டார்.

"சத்தம் கணக்குல சேராது" என்றார், வாசற்படியைப் பார்த்து. கிளம்பிவிட்டார்.

மூஸா இழுப்பறையைத் திறந்து டோக்கனை எடுத்து, தாவூது வைத்த அதே இடத்தில், பெட்டியின் தலையில் வைத்தார். நஃபீசா தூசி தட்டும்போது அதைத் தூக்குவாள். தட்டிவிட்டு அங்கேயே வைப்பாள்.