தொண்ணூற்றேழுக்கு டியூன் செய்த கார்

ரோஸ்லினின் கார் ஹேடோ துறையில் கப்பலிலிருந்து இறங்கிய அன்றே என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்துவிட்டது. போர்ட் பிளேரில் நெடுங்காலம் பெட்ரோல் இன்ஜின் வேலை பார்த்தவன் நான். டர்போ கார்கள் சிலவற்றைப் பிரித்து மாட்டியிருக்கிறேன். ரேஸில் ஓடிய கார் என் கைக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

அவளுடைய அப்பா அந்தோணி, போர்ட் பிளேரிலிருந்து தள்ளியிருக்கும் வண்டூரில் சுற்றுலாப் படகு விடுபவர். தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம், எங்கள் ஊர்க்காரர்கள். மனைவி தவறிவிட்டார். அந்தோணிக்கு முதல் தடவை நெஞ்சுவலி வந்தபோது, கோயம்புத்தூரில் வேலை பார்த்துக்கொண்டே ரேஸ் ஓட்டி வந்த ரோஸ்லின் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தாள். காரை மட்டும் விடவில்லை.

டர்போ காற்றை அழுத்தித் தள்ளும் பூஸ்ட்டை ஏற்றி, இக்னிஷன் டைமிங்கை முன்னால் தள்ளி, தொண்ணூற்றேழு ஆக்டேன் பெட்ரோலுக்கென்றே டியூன் செய்த வண்டி என்று அவளே சொன்னாள். இளையவர்களுக்கு ஒரு விளக்கம். ஆக்டேன் கூடினால் பெட்ரோலில் சக்தி கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பெட்ரோல் ஸ்பார்க்கில் ஒழுங்காக எரியாமல், சூட்டிலும் அழுத்தத்திலும் தானாகவே வெடிப்பதுதான் நாக்கிங். அதை எவ்வளவு தூரம் தாங்கும் என்பதன் அளவே ஆக்டேன். சாதாரண காருக்குத் தொண்ணூற்றொன்று போதும், மேலே ஊற்றுவது வீண். இந்த மாதிரி டியூனுக்குக் குறைத்து ஊற்றினால் பிஸ்டன் அடிவாங்கும்.

எங்கள் பங்க்குகளில் அப்போது கிடைத்தது தொண்ணூற்றொன்றுதான்.

"ஏம்மா, இந்த வண்டிக்கு இங்க தீனி கிடையாது. இன்ஜின் கம்ப்யூட்டர்ல இந்த டியூனை எடுத்துட்டு, கம்பெனி மேப்பையே திரும்பப் போட்டுருவோம்" என்றேன்.

"போட்டா இது சும்மா கார் ஆயிரும் அங்கிள். மெயின்லேண்ட்ல ரேஸ் சீசன் வர்ற வரைக்கும் கொஞ்சம் மெதுவா ஓட்டிக்கிறேன். பஸ், அவ்வளவுதான்."

தெரியாமல் சொல்லவில்லை. நாக்கிங் பற்றி அவளுக்கு என்னைவிட அதிகம் தெரியும். பெட்ரோலில் கலக்கக் கொண்டுவந்த ஆக்டேன் பூஸ்டர் பாட்டில்கள் தீர்ந்த பிறகும், பூஸ்ட் ஏறாதபடி பெடலைத் தடவித் தடவித்தான் ஓட்டினாள். அப்படியே சில மாதங்கள் போயின.

ஒரு மே மாத மதியம் அந்தோணி படகுத்துறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஆம்புலன்ஸ் வேறொரு நோயாளியோடு போயிருந்தது. படகில் வேலை செய்பவர் ஒருவர் தலையைத் தாங்கிக்கொள்ள, அவரைப் பின் சீட்டில் படுக்கவைத்து ரோஸ்லின் காரைக் கிளப்பினாள். கடுமையான வெயில். முதல் ஏற்றத்திலேயே, தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கினாற்போல இன்ஜினில் நாக்கிங் சத்தம் வந்தது. காலை எடுத்தால் இன்ஜின் பிழைக்கும். அவள் எடுக்கவில்லை. போர்ட் பிளேருக்குள் நுழையும்போது சைலன்சரில் நீலப் புகை. ஒரு சிலிண்டர் செத்த நிலையில், உதறிக்கொண்டே ஆஸ்பத்திரி வாசல்வரை வந்து நின்றது கார். அந்தோணி பிழைத்தார்.

மறுநாள் கட்டி இழுத்துவந்தோம். ஹெட்டைக் கழற்றிப் பிஸ்டன்களை வெளியே எடுத்தேன். ஒன்றில் ரிங் உட்காரும் விளிம்பு துண்டாகியிருந்தது. சிலிண்டர் சுவரும் கீறிப்போயிருந்தது. அந்தப் பிஸ்டனை ரோஸ்லின் வாங்கி வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சத்தம் கேட்டுச்சு அங்கிள். கேட்டுக்கிட்டேதான் மிதிச்சேன்."

பார்ட்ஸ் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்து சேர்வதற்குள் ரேஸ் சீசன் முடிந்துவிட்டது. இன்ஜினைக் கட்டியதும் கம்பெனி மேப்பைப் போடச் சொன்னாள். போட்டேன். பழைய ரேஸ் மேப்பை ஒரு பென் டிரைவில் வைத்துத் தரட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம் என்றாள்.

கொஞ்ச நாள் கழித்து அந்தோணி தனியாக என்னைப் பார்க்க வந்தார். மெலிந்திருந்தார். காரைப் பழையபடி ஆக்க முடியுமா என்று விசாரித்தார். வண்டியை ஆக்கலாம், அதற்கான பெட்ரோல் இங்கே இல்லையே என்றேன். அப்படியானால் மகளையும் காரையும் கோயம்புத்தூருக்கே அனுப்பிவிடுகிறேன் என்றார். ஆனால் மகளிடம் ஏற்கெனவே கேட்டுப் பார்த்திருக்கிறார். உங்களை விட்டுவிட்டுப் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம்.

பிறகு தலையைக் குனிந்துகொண்டு பேசினார். "பொம்பளப் புள்ளைக்கி எதுக்கு ரேஸுன்னு எத்தன வாட்டி ஏசியிருக்கேன். பாக்க வாங்கப்பான்னு கூப்புடுவா. ஒரு தடவகூடப் போகல. அன்னைக்கிப் பின்னாடி படுத்துக்கிட்டு அவ கையத்தான் பாத்துக்கிட்டே வந்தேன். அத்தன வளைவுலயும் எம் உடம்பு ஒரு பக்கம் சரியல. அவ்வளவு நல்லா ஓட்டுறா அண்ணாச்சி, எம் புள்ள."

கடைப் பையனைக் கூப்பிட்டு டீ வாங்கி வரச் சொன்னேன். குடிக்காமலே எழுந்து போனார்.

இப்போதும் டியூன் செய்த கார்கள் கப்பலில் வருகின்றன. மெதுவாக ஓட்டிக்கொள்கிறேன் என்று எல்லோருமே சொல்கிறார்கள், மனதாரத்தான் சொல்கிறார்கள். மெதுவாக ஓட்ட முடியாத ஒரு நாள் யாருக்கும் வரலாம். அன்றைக்கு டேங்கில் எந்தப் பெட்ரோல் இருக்குமோ, அது தாங்குகிற டியூனை முதலிலேயே போட்டுவிடுங்கள்.