ஊற்றைத் தாங்கிய களிமண்

வெர்னா டாலி பிடிவாதக்காரிதான், அதில் சந்தேகமில்லை. குதிரைமேல் இருந்து கன்றுக்குக் கயிறு போடும்போது, கயிறு சுற்றும் சேணக் கொம்பில் சிக்கி வலது கட்டைவிரல் பாதி போன அன்றுகூட, துணியைச் சுற்றிக்கொண்டு மிச்சக் கன்றுகளையும் பிடித்து முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். புருஷன் போன பிறகும் மந்தையை விடவில்லை. கோடை வந்தால் அமெரிக்காவின் ஆரிகன் மேட்டுக்காட்டுக்கு ஓட்டிவிடுவாள்.

காடு என்றால் மழைக்காடு இல்லை. கீழே சாம்பல் நிறப் புதரும் எரிமலைக் கல்லும், மேலே ஜூனிப்பர் மரங்கள், உச்சியில்தான் பைன். ஓடையெல்லாம் ஜூனிலேயே வெறும் கல். பாறைச் சரிவில் கசியும் ஒரே ஊற்றுதான் குழாய் வழியாக மாட்டுத் தொட்டியில் விழும்.

அந்த வருஷம் ஊற்றுக்கு நீர் தரும் குளிர்காலப் பனி பொய்த்தது. ஜூலையில் குழாயில் நூல் போலத் தண்ணீர். அதுவும் நின்றால் மந்தையைக் கீழே இறக்கவேண்டும். கீழே புல் கிடையாது, விற்கத்தான் வேண்டும்.

தம்பி லைல் மண் தோண்டும் வண்டியோடு வந்து நின்றான்.

"அக்கா, ஊத்த கொஞ்சம் ஆழமாக்கினா கொட்டும் பாரு."

"வேணாம்டா. அடியில இருக்கிற சாம்பக் களிமண்ணுதான் தண்ணிய ஏந்தி நிக்குது. அது உடைஞ்சா எல்லாம் பூமிக்குள்ள போயிடும்."

"உனக்கு என் வண்டியும் பிடிக்காது, என் சமையலும் பிடிக்காது."

"உன் சமையல மாடே மோந்து பாக்காது, போடா."

அவன் சிரித்துக்கொண்டிருக்கும்போதே தொட்டியோரம் ஒரு கன்று முட்டி மடங்கி விழுந்தது. வெர்னா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம்தான் பார்ப்பாள்?

"ஒரே ஒரு அடி. அதுக்கு மேல இறக்கின, கொன்னுடுவேன்."

தோண்டியதும் கலங்கலாய்க் குபுகுபுவென்று பொங்கியது. லைல் தொப்பியைத் தூக்கி எறிந்தான். பிளாஸ்கில் இருந்த காப்பியைக் குடித்து முடிக்கவில்லை, தண்ணீர் சுழன்று உள்ளே இறங்க ஆரம்பித்தது. வெர்னா பூட்ஸோடு குழியில் குதித்துக் களியை மிதித்தாள், கையால் அடைத்தாள். குழாய் சொட்டுவதையும் நிறுத்திக்கொண்டது.

"அக்கா, நான்தான்..."

"நான் சொல்லித்தானே தோண்டின? வாய மூடு. மாடு ஏத்த லாரிக்காரன கூப்பிடு."

மாடுகளைத் திருப்பக் குதிரை ஏறினாள். மற்றவையெல்லாம் நகர்ந்தன. எப்போதும் மந்தைக்கு முன்னால் நடக்கும் கிழட்டுச் சிவப்புப் பசு மட்டும் காய்ந்த தொட்டியை நக்கிக்கொண்டு நின்றது. அவள் கையால் பால் புகட்டி வளர்த்த மாடு அது. பேர் சொல்லிக் கூப்பிட்டாள், வரவில்லை.

அதுவரை ஒரு அடிகூடப் போடாத அந்த முதுகில் கயிற்றை ஓங்கி வீசினாள்.