குரங்கு தின்னாத கரட்

மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தபோது வவுனியாவிலிருந்து போன் வந்தது. மரகதம் அக்காவின் மகள். “அன்ரி, அம்மா எங்களை விட்டுட்டுப் போட்டா” என்றாள். நான் கையைக் கழுவவுமில்லை, அழவுமில்லை. கொட்டிலில் கவிழ்ந்து கிடந்த வாளியில் அப்படியே இருந்துவிட்டேன். ஒரு வருடமாகச் சிறுநீரக வருத்தம் அவரை இழுத்தடித்தது. வருமென்று தெரிந்த செய்திதான்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி மகள் கேட்டிருக்கிறாள். “நல்லதா எழுதுங்கோ அன்ரி, உங்களுக்குத்தானே அம்மாவை வடிவாத் தெரியும்.” நல்லதாக எழுதுகிற தெம்பு எனக்கு இப்போது இல்லை. உள்ளதை எழுதுகிறேன். போடுவதும் விடுவதும் அவள் விருப்பம்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் அக்கா மனைப்பொருளியல் படிப்பித்தார், நான் கணிதம். உருத்திரபுரத்தில் எங்கள் வளவுகள் அடுத்தடுத்து. நடுவேலியில் போய்வர ஒரு தகரப் படலை. சின்ன வயதில் தகப்பனோடு மலைநாட்டை விட்டு வந்தவர் அவர். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்குப் பின்னால் தகப்பன் கரட் போட்ட கதையை எத்தனை தரம் கேட்டிருப்பேனோ தெரியாது. அதே கரட்டை வன்னி மண்ணில் எடுத்துக் காட்டவேண்டும் என்று அவருக்கு ஒரு பிடிவாதம். வருடா வருடம் மார்கழிப் பனியை நம்பி விதை போடுவார். சுண்டுவிரல் அளவில் வரும். “இந்த வெயிலுக்கு இது காணும் ரீச்சர்” என்று அதையும் சம்பலாக்கி எனக்கு ஒரு கிண்ணம் தருவார்.

வகுப்பில் அவர் கைபட்டால் எல்லாம் சரியாக வரும். வீட்டுக் குசினியில்தான் ஒன்றும் ஒத்துவராது. தேங்காய்த் தண்ணீரில் வினாகிரி போடுகிறேன் என்று மூடியை இறுக்கி, போத்தல் வெடித்து அலுமாரிக் கண்ணாடியும் போனது. நான் விழுந்தடித்து ஓடிப்போனால், கூரையை அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறார். “சத்தம் கேட்டதோ?” என்றார். எட்டு வீட்டுக்குக் கேட்டது. பால்மா இல்லாத நெருக்கடிக் காலத்தில் சோயாப் பால் காய்ச்சினார். அதை என் மாடுகூடக் குடிக்கவில்லை.

பிழையாகப் போனதையெல்லாம் கிழித்த நாட்கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி, குசினி ஆணியில் குத்தி வைப்பார். சரிவந்ததை எழுதமாட்டார். ஏனென்று கேட்டேன். “சரிவந்ததைச் சாப்பிட்டாச்சுத்தானே ரீச்சர். பிழைச்சதுதான் மிச்சம்” என்றார்.

சரிவந்தது என்று சொல்ல ஒன்று இருந்தது, கொய்யா ஜாம். கரட் பாத்தி ஓரத்தில் நின்ற மரத்துப் பழம். எங்களோடு படிப்பித்த உங்களில் பலர் ஆசிரியர் அறையில் அதைப் பாணில் பூசிச் சாப்பிட்டிருக்கிறீர்கள். போத்தலை விரலால் வழித்தவர்களும் உண்டு, பெயர் சொல்லமாட்டேன். அந்தப் பழத்துக்குக் குரங்குகளும் வரும். அக்கா தகரத்தைத் தட்டிக் கலைப்பார், ஆனால் திட்டமாட்டார். “அதுகளும் தின்னட்டும், எனக்கும் கொஞ்சம் விட்டால் சரி” என்பார்.

ஒரு மாசிக் கடைசியில், மகளின் பிள்ளைப்பேற்றுக்காக அக்கா வவுனியா போனார். பாத்திக்குத் தண்ணீர் விடுவது என் பொறுப்பு. அந்த வருடம் கரட் வந்திருந்தது! மண்ணை விலக்கிப் பார்த்தேன், சந்தையில் வாங்குகிற அளவுக்குத் திரண்டிருந்தது. உடனே போனில் சொன்னேன். “ஐயோ, ஒன்றையும் கிண்டாதேங்கோ ரீச்சர். நான் வந்து என்ர கையாலதான் கிண்டவேணும்” என்றார். அவர் வருவதற்கு முதல் நாள், அவர் வளவில் கறிவேப்பிலை ஒடிக்கப் போனவள் திரும்பும்போது படலையைக் கொளுவாமல் சும்மா சாத்திவிட்டு வந்துவிட்டேன். என் மாடு உள்ளே போய்விட்டது. நான் காணும்போது பாத்தியில் ஓர் இலை இல்லை. கிழங்குகள் மிதிபட்டுச் சேறாகிக் கிடந்தன.

மாட்டைத் துரத்தினேன். சாணியை அள்ளினேன். குளம்படி தெரியாதபடி மண்ணைக் கொத்தித் தண்ணீர் தெளித்தேன். படித்த மனுசி செய்கிற வேலையா இது? அடுத்த நாள் அக்கா பஸ்ஸால் இறங்கி, உடுப்பும் மாற்றாமல் நேரே பாத்திக்குப் போனார். “குரங்கு அக்கா” என்றேன். அவர் குந்தியிருந்து மண்ணைத் துழாவி, பாதிக் கரட் ஒன்றை எடுத்தார். சேலைத் தலைப்பில் துடைத்துக் கடித்துப் பார்த்தார். “இனிக்குது” என்று மட்டும் சொன்னார்.

அடுத்த கிழமை கொய்யா மரத்தைத் தறித்தார். “நான்தான் இடம் குடுத்துப் பழக்கிப்போட்டன்” என்றார். மரம் கூரையில் விழாமல் கயிற்றை இழுத்துப் பிடித்தது நான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அது நின்றிருக்கும். சொல்லவில்லை. வெட்கம். பிறகு ஜாம் ஏன் வருவதில்லை என்று நீங்கள் கேட்டபோதெல்லாம், “குரங்கு, பிள்ளையள்” என்று அவர் சிரித்தார். நான் பக்கத்தில் இருந்து தலையைக் குனிந்து கொப்பி திருத்தினேன்.

கடைசியாக அவரைப் பார்க்க வவுனியா போனபோது, சொல்லிவிடுவது என்றுதான் பஸ் ஏறினேன். அவர் கையெல்லாம் வீங்கிக் கிடந்தது. என்னைக் கண்டதும், “வீட்டை வந்த உடனே ஒரு கொய்யாக் கன்று வைக்கவேணும் ரீச்சர். குரங்கு வந்தா வரட்டும்” என்றார். “ஓம் அக்கா” என்றேன். அவர் களைத்திருக்கிறார், பிறகு சொல்லலாம் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு திரும்பினேன்.

செத்தவீடு முடிந்ததும் அந்தக் கலண்டர் தாள்களை மகள் என்னிடம் தந்தாள். அக்காவின் நினைவாக என்னிடம் இருப்பது அந்தக் கட்டுத்தான். வினாகிரி இருக்கிறது, சோயாப் பால் இருக்கிறது. ஒரு தாளில், “கரட். நல்லா வந்தது. குரங்கு.” அதற்கு அடுத்த தாளில், “கொய்யா. தறிச்சது பிழை. என்ர பிழை.”

பிள்ளைகளின் கொப்பிகளில் பிழை போட்ட சிவப்புப் பேனை இன்னும் என் மேசையில் கிடக்கிறது. அதை எடுத்து, முதல் தாளில் ‘குரங்கு’ என்பதை வெட்டி, ‘என் மாடு. நான் படலை கொளுவவில்லை’ என்று எழுதினேன். மற்றத் தாளில் ‘என்ர பிழை’ என்பதை வெட்டி என் பெயரைப் போட்டேன்.

அக்கா, அது உங்கட பிழை இல்லை.