எட்டால் வகுக்காத ஐந்து நிமிடம்

கோவில்பட்டியில் என் வீடியோ கடைக்கு அன்று பசுவந்தனையிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். மகள் கல்யாண வீடியோவைத் துபாயில் இருக்கும் மகனுக்கு அனுப்ப வேண்டும். ஃபைல் பன்னிரண்டு ஜிபி, அதாவது பன்னிரண்டாயிரம் எம்பி. என் இன்டர்நெட் விநாடிக்கு நாற்பது எம்பி வேகம் என்று சொல்லி வாங்கியது. பன்னிரண்டாயிரத்தை நாற்பதால் வகுத்தேன், முந்நூறு விநாடி வந்தது.

"அஞ்சே நிமிஷம் அண்ணாச்சி, உக்காருங்க."

"போய்ச் சேந்துட்டுன்னு கண்ணால பாத்துட்டுதான் பஸ் ஏறுவேன்" என்று உரப்பையை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்தார்.

ஐந்து நிமிடம் ஆனபோது பன்னிரண்டு சதவீதம்தான் ஏறியிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. மோடத்தை அணைத்துப் போட்டேன். அப்லோடு முதலிலிருந்து தொடங்கியது. மறுபடியும் ஐந்து நிமிடம், மறுபடியும் பன்னிரண்டு. வயரைப் பிடுங்கிச் செருகினேன். இப்படியே ஐந்து தடவை. நடுவில் அவருடைய பஸ் கடை வாசலைத் தாண்டிப் போய்விட்டது. வாசலுக்கும் மேஜைக்குமாக நடந்துகொண்டே, கனெக்‌ஷன் கொடுத்தவரை ஃபோனில் பிடித்தேன்.

"நாப்பதுன்னு சொல்லி ஏமாத்துதீங்களா?"

"அந்த நாப்பது பிட்டுக் கணக்கு அண்ணாச்சி. ஒங்க ஃபைலு பைட்டுக் கணக்கு. எட்டு பிட்டு சேந்தாதான் ஒரு பைட்டு. நாப்பதை எட்டால வகுத்துட்டுப் பாருங்க, செகண்டுக்கு அஞ்சுதான் போவும்" என்றார் அவர் நிதானமாக.

அப்படியென்றால் இது நாற்பது நிமிட வேலை. பெரியவரிடம் சொன்னேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நான் வந்தே நாப்பது நிமிஷம் ஆவுது. மொதல்லயே நீங்க சும்மா இருந்திருந்தா, இந்நேரம் போயிருக்கும்லா தம்பி?"