கண்ணாத்தாவைப் பெண் பார்த்த கதை

திங்கட்கிழமை மதியம் எங்கள் தொழிற்சாலை உணவுக்கூடத்தில் துக்கம் விசாரிப்பது வழக்கம். போன வாரம் ஹாசெகாவா-சான் நூடுல்ஸ் கிண்ணத்தின் மேல் குச்சிகளைக் குறுக்காக வைத்துவிட்டு, ஞாயிறு முழுவதும் தனக்குச் சோறு இறங்கவில்லை என்றார். அவர் எங்கள் காச்சோ, அதாவது பிரிவுத் தலைவர். ஐம்பதைத் தாண்டியவர். நான் கடைந்த மோட்டார் அச்சில் கண்ணுக்குத் தெரியாத பிசகைக் கண்டுபிடித்து, முகத்தில் ஓர் அசைவும் இல்லாமல் தட்டோடு திருப்பி அனுப்புகிறவர். அவர் வீட்டில் எல்லோரும் நலம். சனிக்கிழமை மாலை டிவியில் வந்த பொம்மைப் படத்தில் ஒரு பெண், விண்கலத்தைப் பழுது பார்க்கும்போது ஸ்பேனரை நழுவவிட்டுவிட்டாள். அது இருட்டுக்குள் மிதந்து போய்விட்டது. அதற்காகத்தான் சோறு இறங்கவில்லை. மேசையைச் சுற்றியிருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். பாலக்கோட்டில் தக்காளி விலை சரிந்து லோடு லோடாக ரோட்டோரம் கொட்டிய நாளில்கூட இப்படி ஒரு மௌனத்தை நான் பார்த்ததில்லை.

இங்கே இதற்கு அனிமே என்று பெயர். பொம்மைப் படம் என்று மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டு யாரும் உயிரோடு உணவுக்கூடத்தை விட்டு வெளியேற முடியாது. நான் பாலக்கோட்டுக்காரி. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்து, ஒசூர்த் தொழிற்பேட்டையில் சின்ன மோட்டார் செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்து, அவர்கள் அனுப்பி இரண்டு வருடப் பயிற்சிக்கு ஜப்பான் வந்தவள். புறப்படும்போது எங்கள் தெருவில் எல்லோரும் சொன்ன புத்திமதிகளைத் தரம் பிரித்து வைத்திருக்கிறேன்: குளிருக்கானவை, மாமிசத்துக்கானவை, ஆண்களுக்கானவை. பொம்மைப் படத்தைப் பற்றி ஒருவரும் எச்சரிக்கவில்லை. நான் விழுந்தது அதில்தான்.

வந்த புதிதில் விடுதித் தோழி கெய்கோ என்னிடம் கேட்டாள், உங்கள் ஊரில் என்ன அனிமே உண்டு என்று. உண்மையைச் சொன்னேன். டூரிங் டாக்கீஸில் படத்துக்கு முன்னால் அரசாங்கம் ஒரு பொம்மைப் படம் காட்டும். சின்னக் குடும்பம் எப்படிச் சிரிக்கும், பெரிய குடும்பம் எப்படி அழும் என்று அதில் வரும் என்றேன். கெய்கோவின் கண்கள் விரிந்தன. "சுகோய்! அபாரம்! இந்தியாவில் பெரியவர்களுக்காக, சமூகப் பிரச்சினையைப் பற்றி அனிமே எடுக்கிறார்களா?" என்றாள். மறுநாள் அது தொழிற்சாலை முழுவதும் பரவி, ஹாசெகாவா-சான் இந்திய அனிமேயின் முதிர்ச்சியைப் பற்றி என்னிடம் மரியாதையாக இரண்டு வார்த்தை பேசினார். அந்தப் படம் ஓடும்போதுதான் எங்கள் ஊர் ஜனம் முறுக்கு வாங்கப் போகும் என்பதை நான் சொல்லவில்லை. நாட்டின் மானம் இருக்கிறது.

டிவி வந்த பிறகு நிலைமை இன்னும் முன்னேறியது. எங்கள் தெரு ஆன்டெனாக்கள் எல்லாம் பெங்களூரைப் பார்த்து நின்றன. அதனால் ஞாயிற்றுக்கிழமைக் கார்ட்டூனில் வாத்து இந்தி பேசும், கரடி கன்னடத்தில் அறிவிக்கப்படும், நடுவில் தடங்கலுக்கு வருந்துவார்கள். எங்கள் வீட்டில் அதிகம் பார்க்கப்பட்ட நிகழ்ச்சி அந்த வருத்தம்தான். ஆகவே புரியாத மொழியில் பொம்மைப் படம் பார்ப்பதில் நான் ஏற்கெனவே பயிற்சி பெற்றவள். ஜப்பான் தூதரகம் இதை என் தகுதிகளில் சேர்த்திருக்கலாம்.

ஆனால் ஒரு வித்தியாசம். அந்தப் பழைய கார்ட்டூனில் கரடி மலையிலிருந்து விழும், அப்பளமாகும், அடுத்த காட்சியில் எழுந்து ஓடும். எதுவும் உடையாத உலகம் அது. சின்ன வயதில் விழுந்து விழுந்து சிரித்தேன். இயந்திரம் படித்த பிறகு யோசித்தால், அங்கே பழுது பார்க்கிறவர்களுக்கு வேலையே இல்லை. சனிக்கிழமைதோறும் வரும் இந்தத் தொடரிலோ, ஸ்பேனர் போனால் போனதுதான். அடுத்த வாரமும் அது இல்லை. அவள் வேறொன்றைச் செய்ய வேண்டும். அதற்கே பாதி நேரம் போகும். சின்னக் கிரகம் ஒன்றிலிருந்து அவளைத் தலைநகரக் கிரகத்துக்கு இஞ்சின் வேலை கற்க அனுப்பியிருக்கிறார்கள். அவள் ஊர்க் கலங்கள் எல்லாம் பழுதாகிக் கிடக்கின்றன. கற்றுக்கொண்டு திரும்பினால்தான் ஊருக்குப் போக்குவரத்து. அம்மா வாரா வாரம் கூப்பிடுகிறாள். அவள் வாரா வாரம் ஒரு திருகாணியைச் சொல்லித் தள்ளிப்போடுகிறாள். எனக்கு இது ஏன் பிடித்தது என்று விளக்கச் சொல்லாதீர்கள். இஞ்சின் வரைபடங்கள் துல்லியமாக இருந்தன, அவ்வளவுதான் என்று கெய்கோவிடம் சொல்லியிருக்கிறேன். அவளும் நம்பவில்லை.

முதல் வருடம் முடிந்ததும் விடுமுறைக்கு ஊர் வந்தேன். அதுவரை வந்த தொடரைக் கெய்கோ பதிவு செய்து கொடுத்த மூன்று கேசட்டுகள் பெட்டியில் இருந்தன. வீட்டுக்குள் நுழைந்ததுமே அம்மா சேதி சொல்லிவிட்டாள். மொரப்பூரில் உரக்கடை வைத்திருக்கும் குடும்பம், ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள், பிடித்துப்போனால் ஆவணியில் கல்யாணம். அதாவது இரண்டாம் வருடப் பயிற்சி கிடையாது. பாதி மோட்டாரோடு நான் நின்றுவிட வேண்டும். அப்பா தக்காளி மண்டியில் நாளெல்லாம் ஏலம் கூவுகிறவர். வீட்டில் குரலே எழாது. அவர் செய்தித்தாளுக்குள் இருந்தார்.

"கேசட்ட எங்கியாவது போட்டு மூடு" என்றாள் அம்மா. "இருவத்திமூணு வயசுப் பொண்ணு பொம்மப் படம் பாக்குதுன்னு தெரிஞ்சா என்னா நெனப்பாங்க?"

"ஜப்பான்ல எங்க ஆபீசரே பாக்கறாரும்மா."

"அவருக்கு நான் மாப்பிள்ள தேடலியே."

கேசட்டுகள் அரிசி டிரம்முக்குள் போயின.

ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் மாப்பிள்ளை, அவர் அம்மா, தாய்மாமா, இன்னும் இரண்டு பெண்கள். பெண் பார்க்கும் நடைமுறையை நான் நன்கறிவேன். பெண் காப்பித் தட்டோடு வர வேண்டும், கும்பிட வேண்டும், பாயில் உட்கார வேண்டும், கேட்டால் ஒரு வார்த்தை, கேட்காவிட்டால் அதுவும் இல்லை, உள்ளே போக வேண்டும். ஹாசெகாவா-சானின் தரப் பரிசோதனையைவிடக் குறைந்த படிகள். ஆனால் தாய்மாமா முதல் படிக்கு முன்பே கெடுத்தார்.

"சும்மா மூஞ்சியப் பாத்துக்கிட்டு எத்தினி நேரம் உக்கார்றது? சப்பான்ல இருந்து வந்த புள்ள, ஒரு சப்பான் படம் போட மாட்டீங்களா?"

எதிர்வீட்டு சிங்கப்பூர்க்காரர் வீட்டில் எல்லா நாட்டுக் கேசட்டும் ஓடுகிற டெக் இருந்தது. அவர் அழைக்காமலே தூக்கிக்கொண்டு வந்தார். பின்னாலேயே தெருவும் வந்தது. அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அரிசி டிரம்மைத் திறந்தாள். மாப்பிள்ளை வீட்டார் கேட்டு இல்லையென்று சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

டெக் ஓடியது. டிவி ஒத்துக்கொள்ளவில்லை. வினாடிக்கு இத்தனை படம் என்ற கணக்கில், ஜப்பான் கேசட்டின் துடிப்பு வேறு, நம் ஊர்ப் பெட்டியின் துடிப்பு வேறு. வண்ணம் துளியும் வராது, படம் நிற்காமல் மேல்நோக்கி உருளும். டிப்ளமா வாங்கியவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் இருந்தது. ஆசைக்கு டிப்ளமா கிடையாது. பெட்டியின் பின்பக்கம் படத்தை நிறுத்துகிற திருகு ஒன்று உண்டு. காப்பித் தட்டை மாப்பிள்ளையின் அம்மா மடியருகே வைத்துவிட்டு, பட்டுப்புடவை முந்தானையைச் செருகிக்கொண்டு, டிவிக்குப் பின்னால் போய் அதைத் திருப்பினேன். படம் நின்றது. கையை எடுத்தேன், பாலக்கோட்டு மின்சாரம் ஒரு மூச்சு இழுத்தது, படம் உருண்டது. திரும்பப் பிடித்தேன், நின்றது. ஆக, அங்கேயே நிற்க வேண்டியதாயிற்று. என்னைப் பார்க்க வந்தவர்கள் முன்னால் இருந்து திரையில் இருந்தவளைப் பார்த்தார்கள். நான் பின்னால் குத்துக்காலிட்டு, தூசிக்கும் வயருக்கும் நடுவிலிருந்து கதை சொன்னேன்.

"யாத்தே, எம்மாம் பெரிய கண்ணு!" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "இவ பேரு என்னா?"

ஜப்பான் பெயரைச் சொன்னேன். அது யார் வாயிலும் நுழையவில்லை. "கண்ணாத்தான்னு வையி" என்றார். அப்படியே ஆயிற்று.

கண்ணாத்தாவின் அம்மா திரையில் கூப்பிட்டாள். இங்கே ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். "பாவம், வயசான காலத்துல" என்றார் தாய்மாமா. கண்ணாத்தா கிளம்பலாமா என்று யோசித்தாள். கூடத்தில் வாதம் மூண்டது. மாப்பிள்ளையின் அம்மா தீர்ப்பாகச் சொன்னார்: "அதெப்பிடிங்க பாதியில வருவா? கத்துக்கப் போனவ கத்துக்கிட்டுத்தான் வரணும். இவ வந்துட்டா அந்த ஊரு வண்டிய எவன் ரிப்பேர் பண்ணுவான்? அம்மாக்காரி கொஞ்சம் பொறுத்துக்கணும்."

அப்போதுதான் மாப்பிள்ளை எழுந்து டிவிக்குப் பின்னால் வந்தார். மெலிந்த ஆள், சட்டைப் பையில் இரண்டு பேனா. "நான் புடிச்சிக்கிறேங்க. நீங்க போயி முன்னால பாருங்க" என்றார். பெண் பார்க்கும் சடங்கில் இதற்கு விதி எதுவும் இல்லாததால் நான் திருகைக் கொடுத்தேன். முன்னால் வந்து நின்றேன். தூசி படிந்த பட்டுப்புடவையோடு என்னை அப்போதுதான் எல்லோரும் பார்த்தார்கள்.

"அப்ப நானும் போலாமுங்களா?" என்று மாப்பிள்ளையின் அம்மாவைக் கேட்டேன். "எனக்கும் இன்னொரு வருசம் பாக்கி இருக்குதுங்க."

அவர் கோபப்படவில்லை. காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "கண்ணு, அது பொம்ம" என்றார். "நீ பொம்மையா?"

நியாயமான கேள்வி. வரைந்த பெண் எங்கே வேண்டுமானாலும் போகலாம். அவளுக்கு யாரும் சாதகம் பார்க்கவில்லை. அதற்குள் படம் உருள ஆரம்பித்தது. "டேய், புடிடா!" என்று தாய்மாமா கத்தினார். மாப்பிள்ளை திருகை எதிர்ப்பக்கம் திருப்பியிருக்க வேண்டும். கண்ணாத்தா மின்விசிறி வேகத்தில் சுற்றினாள்.

"நான் புடிச்சா இப்பிடித்தாம்மா சுத்தும்" என்று பெட்டிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "கத்துக்கிட்டவங்க புடிச்சாத்தான் நிக்கும். அவங்க போயி முழுசாக் கத்துக்கிட்டு வரட்டுமே. உரக்கட எங்கியும் ஓடிப் போவாது."

"நீ மொதல்ல வெளிய வா" என்றார் அவர் அம்மா.

அப்பா செய்தித்தாளை மடித்தார். அன்று அவர் பேசியது அது ஒன்றுதான். "இன்னும் கத முடியலீங்க. முடியட்டும். அப்பறம் பேசிக்கலாம்."

மாப்பிள்ளை வீட்டார் மூன்று கேசட்டையும் முடித்துவிட்டு, முடிவு எதுவும் சொல்லாமல் கடைசி பஸ்ஸுக்குப் போனார்கள். மறுவாரம் தரகர் வந்தார். "அவங்களுக்குப் புடிச்சிருக்குதாம்" என்றார். "உங்க பொண்ணையா, அந்தக் கண்ணாத்தாளையான்னுதான் எனக்கு வெளங்கல." அந்தக் குழப்பம் தீருமுன் நான் விமானம் ஏறிவிட்டேன்.

ஸ்பேனர் நழுவியது போன சனிக்கிழமை. இந்த சனிக்கிழமை கதை முடிந்தது. கண்ணாத்தா கலத்தைச் சரிசெய்து ஊருக்குப் போனாள். அம்மா சோறு போட்டாள். சாப்பிட்டாள். ஊரில் கிடந்த கலங்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டாள். பிறகு, ஓடுகிற கலத்தில் ஏறி, தலைநகரத்துக்குத் திரும்பிப் போனாள். அங்கேயும் அவள் பாதியில் விட்டுவந்த இஞ்சின் ஒன்று இருந்தது. விடுதிக் கூடத்தில் ஒருத்தி விடாமல் அழுதார்கள். ஹாசெகாவா-சான் வீட்டு நிலவரம் நாளை மதியம் தெரியும்.

இன்று காலை விடுதித் தொலைபேசியில் எனக்கு அழைப்பு வந்தது. அப்பா தர்மபுரியில் டிரங்க் கால் பதிவு செய்து பேசினார். நலமா என்று கேட்டார், உடனே வேறொருவர் கையில் கொடுத்துவிட்டார்.

"நாந்தான் கண்ணு, மொரப்பூரு. அந்தப் பொண்ணு வூடு வந்து சேந்தாளா?"

"வந்தாங்க. சாப்பிட்டாங்க. எல்லா வண்டியும் ரிப்பேர் பண்ணாங்க. திரும்பப் போயிட்டாங்க."

"போயிட்டு?"

"வருவாங்க. போவாங்க. இப்ப வண்டி ஓடுதில்லீங்க."

"ம்" என்றார். "என் மவனும் அப்பிடித்தான் சொன்னான், இவ வந்துக்கிட்டும் போயிக்கிட்டும்தான் இருப்பான்னு. அவனுக்கு அதுல ஒண்ணும் இல்லியாம். எனக்குத்தான் பழகணும். சரி, நீ முழுசாக் கத்துக்கிட்டு வா, தையில வெச்சிக்கலாம். அந்தக் கடேசிக் கேசட்டக் கொண்டா. கலர்ல வருமா?"

"வராதுங்க" என்றேன்.

கெய்கோவிடம் சொன்னபோது குதித்தாள். கல்யாணத்தை வீடியோ எடுத்து அனுப்பியே ஆக வேண்டும், விடுதி மொத்தமும் உட்கார்ந்து பார்க்கும் என்றாள். நான் துடிப்புக் கணக்கை அவளுக்கு விளக்கினேன். இங்கே பதிந்தது அங்கே நிறமில்லாமல் போகும். அங்கே பதிந்தது இங்கே நிற்காமல் உருளும். தொழிற்சாலைச் சோதனை அறை டெக்கைக் கடன் வாங்கி எப்படியாவது ஓட்டிவிடலாம் என்கிறாள். ஓட்டட்டும். மொரப்பூர் மண்டபத்தில் நான் மாலையோடு நிற்பேன். இந்தக் கூடத்துத் திரையில் என் கால்கள் மேலேயும் தலை கீழேயுமாகப் படம் ஏறிக்கொண்டிருக்கும், நடுவில் ஒரு கறுப்புப் பட்டை. திருகைப் பிடிக்கத் தெரிந்த ஒரே ஆள் அந்த நேரம் படத்துக்குள் இருப்பாள்.